கூட்டுப்புழு சொன்ன நாள்

“கொஞ்சம் குறைச்சுப் போட முடியாதாம்மா? பதினோரு நாளை நாலு நாளா?”

ஆய்வுக்கூடத்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது. பூட்டிய வீடு, தனியாக இருந்த பெரியவர், நாற்றம் வந்த பிறகே கதவைத் தட்டும் அக்கம்பக்கம். சீ, என்ன பிழைப்பு இது என்று அலுத்துப்போயிருந்தது.

“காய்கறிக் கடையா வெச்சிருக்கேன், குறைச்சுப் போட?” என்றாள்.

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. நரைத்த மீசை, கசங்கிய சட்டை. அறிக்கை வாங்க வந்த மனுஷன் ஒரு மணி நேரமாக நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“இதைப் பாருங்க.” கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே, பிணத்துக்குப் பக்கத்தில் பொறுக்கிய ஈக்களின் கூட்டுப்புழுக்கள். “வெளியே பார்த்தா எல்லாம் ஒரே பழுப்பு. ஆனா உள்ளே வளர வளர வாசனை நாளுக்கு நாள் மாறும். நம்ம மூக்குக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். செத்த அன்னிக்கே ஈ வந்து முட்டையிட்டுடும்; அது முட்டையிட்டுப் பதினோரு நாள் ஆச்சு.”

“மெஷின் தப்புப் பண்ணாதா?”

“மூணு தடவை ஓட்டிட்டேன்.”

“‘போன ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்தேன், அப்பா நல்லாத்தான் பேசினார்’னு மகன் சொல்லியிருக்கானேம்மா. அதுக்கு நாலு நாள்தானே ஆகுது?”

“அப்போ மகன் புளுகியிருக்கான்.”

“இதைப் போட்டா அவனைச் சும்மா விடமாட்டாங்க. அவன்தான் கொன்னான்னே முடிவு கட்டிடுவாங்க.”

“கட்டட்டும்.” அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “நீங்க ஏன் சார் அவனுக்கு வக்காலத்து வாங்குறீங்க? யார் அனுப்பினாங்க உங்களை?”

“யாரும் அனுப்பலை.”

“பெத்த அப்பன் செத்துப் பதினோரு நாள். எட்டிக்கூடப் பார்க்காம, பார்த்தேன்னு வாய் கூசாமச் சொல்றான். அவனெல்லாம் ஒரு மனுஷனா?” சரசரவென்று எழுதி முடித்து, அறிக்கையை அவர் பக்கம் தள்ளினாள். “வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்துப் போடுங்க.”

அவர் பேனாவை எடுத்தார்.

“ரெண்டு ஞாயிறா எனக்கு லீவு தரலைம்மா,” என்றார். “வெளியூர்ல இருக்கற அக்கா, ‘அப்பாவைப் போய்ப் பார்த்தியாடா’ன்னு கேட்டப்போ, பார்த்தேன்னு சொல்லிட்டேன்.”