மீனை மட்டும் விட மனசில்லை

"பெத்த பொண்ணை விட்டுட்டாரு. மீனை மட்டும் விட மனசு வரலை போல!"

காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னான் தம்பி.

கூடத்தில் அக்காவின் கணவர், விவாகரத்து ஆகிவிட்டதால் முன்னாள் கணவர், தரையில் குந்தி மீன் தொட்டித் தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவும் மகளும் இன்று தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார்கள். மகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து வந்திருந்தார் மனிதர்.

"தண்ணியைக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா சார்?" இத்தனை வருஷமும் 'மாமா' என்று கூப்பிட்டவன்.

"பழைய தண்ணி இருந்தாத்தான் மீன் தாங்கும்." அவர் நிமிரவில்லை.

மீன்களை வலையில் அள்ளி, மூடி போட்ட வாளியில் விட்டார். ஃபில்டர் பஞ்சு காயாமல் அதே தண்ணீரில் ஊறப்போட்டார். காலித் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

"பாப்பா வந்து மீன் எங்கேன்னா என்னக்கா சொல்லுவே? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா அவரை?"

பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த அக்கா, "விடுடா" என்றாள். அவ்வளவுதான்.

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் பாப்பாவைப் பள்ளியிலிருந்து நேராகப் புது வீட்டுக்கு அழைத்து வந்தான். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இது நம்ம வீடு இல்ல. நான் வரமாட்டேன்."

உள்ளே எங்கோ தண்ணீர் குமிழ் விடும் சத்தம்.

பாப்பா எட்டிப் பார்த்தாள். பையை எறிந்துவிட்டு ஓடினாள். அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில், விளக்கு எரிய, அதே தொட்டி. அதே மீன்கள்.

"அம்மா! யாரும்மா கொண்டுவந்தது?"

"மாமாதான்" என்றாள் அக்கா.

பாப்பா ஓடிவந்து தம்பியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் திருதிருவென்று விழித்தான்.

அவள் மறுபடி தொட்டிப் பக்கம் ஓடியதும் அக்காவிடம் குனிந்தான். "ஏன்க்கா பொய் சொன்னே?"

"இந்த வீட்டுச் சாவியை வாங்கிட்டுப் போகும்போதே அவர்தாண்டா அப்படிச் சொல்லச் சொன்னாரு. இனிமே அவ பக்கத்துல இருக்கப்போறது நீதானாம். உன்கிட்ட ஒட்டிக்கட்டும்னாரு."