கீரைக்கட்டோடு வந்த மாப்பிள்ளை

தமயந்தியின் இரண்டு கதவு பெட்ரோல் கார் அவினாசி சாலையில் இறங்கினாலே, தாமாக ஓடும் கார்களெல்லாம் மனிதக் கையை நம்பாமல் ஓரங்கட்டி நின்றுவிடும். டர்போ கிர்போ இல்லாமல் தானே மூச்சிழுக்கும் எஞ்சின் கொண்ட அந்தக் காரில்தான் அவள் தினமும் மார்க்கெட்டுக்குப் போய்வருகிறாள்.

இன்று அப்படி ஒதுங்கிய வெள்ளைக் காரிலிருந்து பட்டுவேட்டியோடு ஒருவன் குதித்து ஓடிவந்தான்.

“அக்கா, எனக்குத்தானுங்க கல்யாணம். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, இது நகரவே மாட்டேங்குது.”

“என்னாலதானே நிக்குது? ஏறுங்க. சீட்டுல இருக்கற அந்தக் கீரைய மடியில வெச்சுக்குங்க.”

அவள் மிதித்தாள். எஞ்சின் அடிவயிற்றிலிருந்து பாட, சாலை முழுவதும் வழிவிட்டது. மாப்பிள்ளை முதலில் முருகனைக் கூப்பிட்டான். அடுத்த கியரில் சிரிக்கத் தொடங்கியவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

சத்தம் கேட்டுக் கல்யாணக் கூட்டமே மண்டப வாசலுக்கு வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக முன்னால் நின்ற மணப்பெண் கோகிலவாணி கேட்டாள்:

“முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருக்குங்களா?”

“தாராளமா இருக்கு,” என்றார் ஐயர்.

“அப்ப என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கக்கா.”

இருந்ததோ இரண்டே சீட்டு. மாப்பிள்ளை கீரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இறங்க மாட்டேன் என்றான். தாலி கட்டுவதற்கு முன்பே அவர்களுக்கு முதல் சண்டை வந்துவிட்டது.