கண்ணில் அடித்த வெயில்

இது நான் நேரில் பார்த்ததல்ல. நாகர்கோவிலில் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்க்கும் ஜினி சொன்னது. அவள் கூட்டிச் சொல்கிறவள் இல்லை. நானும் கூட்டவில்லை.

"இவனுக்குக் கண்ணு தெரியாது மக்கா. நல்லதா ஒரு கூலிங் கிளாஸ் எடு!"

உள்ளே வந்ததும் வராததுமாக அந்த மனிதர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. ஐம்பது வயது இருக்கும். உப்புக்காற்றில் காய்ந்த முகம். சூசை என்று பெயர். அவர் இழுத்து வந்திருந்த இளைஞன் ஸ்டெனி தலையே நிமிரவில்லை. கூட வந்த ஊர்க்காரர்கள் மூன்று பேர் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

"கண்ணு தெரியாதுன்னா முதல்ல பவர் பாக்கணும் சார்," என்றாள் ஜினி.

"பவரெல்லாம் சரியாத்தான் இருக்கு. வெயிலு அடிச்சாத்தான் குருடு. ஏலே, நாலு மாசத்துக்கு முன்ன எதைப் பாக்காம போன? சொல்லு!"

ஸ்டெனி வாசல் பக்கம் நகரப் பார்த்தான். சூசை விடவில்லை.

"என்னையத்தான்! வள்ளம் கவுந்து, ரெண்டு ராத்திரி ஒரு காலி கேனைக் கெட்டிப் பிடிச்சுட்டுக் கடல்ல கெடந்தேன். இவன் வள்ளம் ஓட்டிட்டு எனக்கு முன்னாடியே போறான். கையத் தூக்கித் தூக்கிக் காட்டுதேன். பாக்காமலே போயிட்டான். மறுநாள் என்னைத் தூக்கினது அந்தா வாசல்ல நிக்குத மூணு பேருதான்."

ஜினிக்கு ஒரு பக்கம் மலைப்பு. இரண்டு இரவு கடலில் கிடந்த மனிதரை அவள் பார்த்ததே இல்லை. இன்னொரு பக்கம் எரிச்சல். பிழைத்து வந்தவருக்கு இவ்வளவு வன்மமா? நாலு பேர் முன்னால் ஒருவனை இப்படியா நாறடிப்பது?

நன்றாக ஓடுகிற மாடல் ஒன்றை எடுத்து வைத்தாள். கன்னங்கரேலென்று பளபளத்தது.

"லே ஸ்டெனி, மாப்பிள்ளை கணக்கா இருக்கும்லே," என்றார் வாசலில் நின்றவர்களில் ஒருவர்.

"கல்யாணத்துக்கா போறான்? கடலுக்கு மக்கா, கடலுக்கு," என்றார் சூசை.

"அப்போ கறுப்பா இருந்தா மட்டும் போதாது சார். வெயிலோட யுவி கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி கண்ணுக்குக் கெடுதல். தண்ணியில வெயில் பட்டு மின்னுமில்லியா, அதைக் குறைக்கப் போலரைஸ்டு வேணும்."

"அத எடு. இரும்பு பிரேம் வேண்டாம், உப்புல துருப்பிடிச்சிரும். பக்கத்தால வெளிச்சம் நுழையப்பிடாது. பின்னால இழுத்துக் கெட்ட ஒரு கயிறு வேணும். ஜிபிஎஸ் பெட்டி தெரியணும்."

ஜினி ஒரு கண்ணாடியைத் தன் செல்போன் முன்னால் பிடித்துக் காட்டினாள். போனைச் சரித்ததும் திரை இருண்டது.

"சில திரை இப்படி இருட்டும் சார். நேரா பார்த்தா தெரியும்."

"அது போதும். பெட்டிய நேரா வச்சுக்கிடலாம்."

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் முகம் பார்க்கிற கண்ணாடியைத்தான் தேடுவார்கள். சூசை அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"போடுலே. நான் எதிர்ல போய் நிக்கேன். தெரியுதான்னு சொல்லு."

ரோட்டைக் கடந்து போனார். உச்சி வெயில். எதிர்ச் சாரியில் நிறுத்தியிருந்த கார்களின் மேல் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் ஜினிக்குக் கண் கூசியது. அவர் ஒரு காருக்குப் பின்னால் குத்தவைத்தார். தலை மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு கை மேலே எழும்பி மெல்ல ஆடியது.

ஜினி நெற்றியில் கையை வைத்து மறைத்துப் பார்த்தாள். இப்படித்தானே கிடந்திருப்பார்! அவ்வளவு பெரிய கடலில், இந்த ஒரு கை.

"அன்னைக்கும் இவ்வளவு தூரந்தான்," என்றான் ஸ்டெனி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"தெரியுதாலே?" எதிரிலிருந்து கத்தினார் சூசை.

"தெரியுது மாமா."

"எத்தன விரலு?"

"அஞ்சும்."

சூசை திரும்பி வந்தார். நேராக வாசலில் நின்ற மூன்று பேர் முன்னால் போய் நின்றார்.

"கேட்டியளா? கண்ணாடி போட்டான், அஞ்சு விரலும் தெரியுது. அன்னைக்குக் கண்ணாடி இல்ல. நேரா கண்ணுல வெயிலு. அவ்வளவுதான் விசயம். இதுக்குப் போயி நாலு மாசமா ஒருத்தனும் இவன வள்ளத்துல ஏத்தல. நாளைக்கு என் வள்ளத்துல வாறான். முன்னால நின்னு தண்ணி பாக்கப் போறது இவந்தான்."

"மாமா, அன்னைக்கு நான்..."

"வாய மூடுலே. வெயிலுன்னு சொல்லியாச்சு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, மாப்பிள்ளை என்று கிண்டல் செய்தவர் உள்ளே வந்தார். ஸ்டெனியின் பிடரிப் பக்கம் கையை விட்டுக் கண்ணாடிக் கயிற்றைச் சரிசெய்தார்.

"இறுக்கிப் போடுலே, காத்துல போயிரும்," என்றார். "அன்னைக்கு நல்ல வெயிலுதான்."

தன்னைப் பார்க்காமல் போனவனுக்குத் தன் கையாலேயே கண்ணாடி வாங்கிக் கொடுத்த மனிதரை நினைத்து, ஜினி அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லையாம்.

எழுதுவதற்கு முன், தேதி பிசகிவிடக் கூடாதே என்று நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். மூன்றாம் நாள் சூசை மீட்கப்பட்ட செய்தி நாலே வரியில் இருந்தது. கடைசி வரி இது: "மூன்று நாளும் சூரியனே தெரியாதபடி மழை மேகம் மூடியிருந்ததால் தேடுதல் பணி கடினமாக இருந்ததாக, அவரை மீட்ட மீனவர்கள் மூவரும் தெரிவித்தனர்."