மலையேறிய விளக்கு

கார்த்திகைக் கார்முகில், துயருற்ற நெஞ்சம்போல் கனத்து நகரின்மேல் தாழ்ந்து நின்றது. கணவரின் கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்காக வீட்டை விற்றாக வேண்டிய நிலையில் இருந்தாள் மங்கையர்க்கரசி. தீயே எரியாத வீடுகளுக்கு மட்டும் தரப்படும் எரிசக்திச் சான்றிதழ் இன்றி விற்பனை செல்லாது.

ஆய்வாளர் கயல்மொழி தன் கருவியைப் பூசையறைப் பக்கம் நீட்டினாள். "தீ எரியுதேம்மா. தீ இருக்கிற வீட்டுக்குச் சான்றிதழ் வராது."

"கல்யாணத்தன்னிக்கு ஏத்தின விளக்கும்மா, இன்னும் அணையல. இப்பப் போய் அணைச்சா அவருக்கு என்ன ஆகுமோ!"

"அணைக்கலைன்னா வீடு விக்காது. அப்புறம் அவருக்கு என்ன ஆகும்மா?"

மங்கையர்க்கரசி வாயால் ஊதவில்லை. நந்தியாவட்டை மலரைப் பாலில் தோய்த்துத் திரியின்மேல் வைத்துக் கைகூப்பினாள்.

"மலையேறு தாயே. அவரை மட்டும் எனக்கு விட்டுட்டுப் போ."

கருவி பச்சையாய் ஒளிர்ந்தது. சான்றிதழை நீட்டிய கயல்மொழியின் தலைமேல் பால் ஈரம் காயாத கையை வைத்தாள் அவள்.

"நீ ஏத்துற விளக்கு அணையாம எரியட்டும்மா."