ஊசி முனை

கடைசி ஓரத்தைத் தைக்கும்போது ஊசி உடைந்தது.

சத்தம் கேட்டதுமே மூத்தவள் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

ஒட்டுத்துணிப் போர்வைக்கு அவள் வரைபடம் போடுவதில்லை. கைக்கு வந்த துண்டைக் கண் சொன்னபடி வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போவாள். அப்படிச் சேர்த்ததில் நாலைந்து மடிப்புகள் ஒரே இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஊசி அங்கேதான் மாட்டிக்கொண்டது.

இன்று அளவுகூட எடுக்கவில்லை. காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்ற அந்தத் தகப்பன், பிள்ளை இவ்வளவுதான் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அந்தக் கைகளுக்கு நடுவே டேப்பை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

நிறம் எதுவானாலும் சரி என்றான். கடையில் இருந்ததும் மூன்றே நிறம்தான். ஆஸ்பத்திரிகளுக்குத் திரையும் விரிப்பும் தைத்துக் கொடுக்கிற கடை. மூத்தவளும் இளையவளுமாக ஓரகத்திகள் இருவரும் சேர்ந்து நடத்துவது. வெள்ளை, சாம்பல், வெளிர்பச்சை தவிர வேறு துணி அதற்குள் வந்ததில்லை.

பச்சையை நடுவில் தாராளமாக வைத்தாள். சாம்பலை ஓரத்துக்கு ஒதுக்கினாள். இளையவள் எட்டிப் பார்த்துவிட்டு, "கோணல்மாணலா இருந்தாலும் வயல் மாதிரி இருக்குக்கா" என்றாள். அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம்.

இப்போது அந்த வயலுக்குள் எங்கோ இரும்பு.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளும் கிடைக்கிறவரை துணி வெளியே போகக் கூடாது. துண்டுகளைச் சேர்த்து வைத்து, புது ஊசியோடு நீளம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுவேலை. கடை தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

மேல்பாதி மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு தரையில் கிடந்தது.

முனையைக் காணோம்.

இளையவள் மண்டியிட்டுத் தரையெல்லாம் காந்தத்தை இழுத்தாள். நூல் பிசிறும் பழைய குண்டூசிகளும் வந்தன. மூத்தவள் மெஷினில் துணியை நகர்த்தும் பல்லைக் கழற்றி ஊதிப் பார்த்தாள். உடைந்த இடத்துத் தையலைப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

வெளியே காத்திருந்த வேனில் ஹாரன் அடித்தது. வாசலில் நின்ற தகப்பன் திரும்பி, பொறு என்று கையைக் காட்டினான்.

இளையவள் மூத்தவளின் காதோரம் வந்தாள். "குடுத்துடுங்கக்கா. எவ்வளவு நேரம் அவரை நிக்க வைப்பீங்க?"

"முனை உள்ளதான் இருக்கு."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளைக்குப் போத்துறதுடி."

"நீங்களும் உங்க பிடிவாதமும். அதுக்குப் பயந்துதான் ஊசியே ஒடைஞ்சு போச்சு." சொன்னாளே தவிர, குரலில் சூடு இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் தரையில் குனிந்தாள்.

மறுபடியும் ஹாரன்.

"தேடுங்கக்கா" என்றான் தகப்பன். "நான் நிக்கிறேன்."

பெரிய காரியங்களையெல்லாம் கடவுள் தன்னிடமே வைத்துக்கொண்டு, சின்னச் சின்னக் காரியங்களை மனிதர்களிடம் விட்டிருக்கிறார் என்பது மூத்தவளின் நம்பிக்கை. பெரியதைப் பற்றி அவள் அவரிடம் கணக்குக் கேட்டதில்லை. தன்னிடம் விட்டதைச் செய்ய மட்டும் உதவி கேட்பாள்.

காட்டிக் கொடு சாமி, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பல வருஷமாகத் துணி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு எதுவும் தெரியாது. அதனால் ஜாக்கெட் கையை மேலே தள்ளிவிட்டு, முழங்கையின் உள்பக்க மெல்லிய தோலைப் போர்வையின் மேல் வைத்தாள். நன்றாக அழுத்தி, ஒவ்வொரு துண்டாக நகர்த்தினாள். வெள்ளை. சாம்பல். மறுபடியும் வெள்ளை.

பச்சையில் சுருக்கென்றது.

கையை எடுக்கவில்லை. அசைந்தால் இடம் தவறிவிடும். "கத்தரி" என்றாள். இளையவள் ஓடி வந்து கொடுத்தாள். பக்கத்துத் தையலைப் பிரித்து, உள்ளே வைத்த பஞ்சை விலக்கி, அதற்குள் நகர்ந்து வந்து எறும்புக் கால் போலக் கிடந்த முனையை இடுக்கியால் எடுத்தாள். கையில் துளிர்த்த ரத்தத்தைத் துணியில் படாமல் சேலையில் துடைத்தாள்.

மூன்று துண்டுகளையும் சேர்த்து வைத்தார்கள். பக்கத்தில் புது ஊசி. நீளம் சரியாக இருந்தது.

பிரித்த இடத்தைக் கையாலேயே தைத்தாள். முடிச்சை உள்ளே தள்ளி மறைத்தாள். பிறகு போர்வை முழுவதையும் இன்னொரு முறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மடித்துக் கொடுத்தாள்.

"குத்தாதுல்லக்கா?" என்றான்.

"குத்தாது தம்பி."

அவன் தலையை ஆட்டிவிட்டு வேனை நோக்கி நடந்தான். இருவரும் வாசல்வரை வந்து நின்றார்கள்.

வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் அண்ணன், குறுக்கே கிடந்த மண்வெட்டியைக் காலால் ஒதுக்கி இடம் கொடுத்தார். அவர் மடியில் மூடி இல்லாத சின்ன மரப்பெட்டி இருந்தது. தகப்பன் அதற்குள் குனிந்து, கழுத்துவரை போர்த்திவிட்டான். பச்சை நடுவில் வருகிறதா என்று பார்த்து இழுத்துச் சரிசெய்தான்.

ஹாரன் அடித்த அந்த ஓட்டுநர், தெருமுனைப் பள்ளம் வந்ததும் வண்டியை ஆள் நடப்பதைவிட மெதுவாக, குலுங்காமல் இறக்கி ஏற்றினார்.