கோணல் படம்

“அந்தப் பெட்டிக்குப் பின்னாடி இன்னாத்துக்குப்பா ஓட்டை?”

மயில்வாகனம் கேட்ட தினுசிலேயே பாதி போலீஸ் விசாரணை இருந்தது.

“சூடு வெளிய போவணும்ல அண்ணா. உள்ள ஃபேன் ஓடுது,” என்றான் சத்யராஜ்.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, தெருமுனையில் கடை போட்டிருக்கும் எலக்ட்ரீஷியன் அவன். பழைய மானிட்டரைப் பிரித்து, ஒரு லென்ஸும் எல்இடி பல்பும் சேர்த்து, பிளைவுட் பெட்டிக்குள் சொந்தமாகவே ஒரு புரொஜக்டர் செய்திருந்தான். மூன்று வாரமாகச் சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வரிசைச் சுவரில் இலவச சினிமா. ஐயம்பேட்டைக்காரனுக்குப் பிள்ளையார்பாளையத்து ஜனங்கள்மேல் அப்படி என்ன அக்கறை?

அதுவும் பெட்டியை மாட்டியிருந்தது மயில்வாகனத்தின் ஜன்னலுக்கு மேலே. அவர் நெசவாளர் சங்கத்துக்குச் சேலை கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து மாட்டிவிட்டான்.

ஜன்னலுக்கு உள்ளே தறி. தறியில் ஒரு கல்யாணச் சேலை. அதன் கரைக்கு மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு டிசைன் போட்டிருந்தார்.

போன வருஷம் தண்ணீர் கேட்டு உள்ளே வந்த எவனோ செல்போனில் படம் எடுத்துப் போய்விட்டான். மயில்வாகனம் சேலையைத் தறியிலிருந்து அறுப்பதற்குள், அதே டிசைன் விசைத்தறிச் சேலையாகக் கடைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு ஈ காக்காயை வீட்டுக்குள் விடுவதில்லை. மனைவி நீலாம்பாள் இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்தாள். பார்க்க வந்தவர்களையும் வாசலோடு பேசி அனுப்பிவிட்டார்.

பெட்டிக்குள் கேமரா இருக்குமோ என்ற சந்தேகத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. படுத்திருப்பவளை எதற்குப் பயமுறுத்துவது?

“சரி, படம் ஏன் கோணலா விழுது? ஒரு பக்கம் அகலமா, ஒரு பக்கம் குறுகலா இருக்குதே.” கரையில் ஓர் இழை பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

“பெட்டி ஓரமா இருக்குதுல்ல அண்ணா. சாய்வா அடிச்சா அப்பிடித்தான் இழுக்கும்.”

“சுவத்துக்கு நேரா அதோ கம்பம் இருக்குதே. அதுல மாட்டினா இன்னா?”

சத்யராஜ் தரையைப் பார்த்தான். “அங்கயே இருக்கட்டும் அண்ணா.”

அந்த ‘அங்கயே’ அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பக்கத்து வீட்டு ரேவதி பாய் விரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா ரேவதி, கோணப் படத்தைப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கீங்களே, கண்ணு வலிக்கல?”

“பழகிடுச்சு மாமா. இருந்துட்டுப் போவட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் தன் புருஷன் தனசேகரனைப் பார்த்தாள். அவன் அவசரமாகச் செல்போனைப் பார்த்தான்.

ஓகோ, தெருவே கூட்டா? மயில்வாகனத்துக்கு ரத்தம் கொதித்தது. நீலாம்பாள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இந்தாப்பா சத்யராஜு, இப்பவே பெட்டி கம்பத்துக்குப் போவணும். இல்லன்னா டிசைன் திருட்டுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுவேன்.”

சத்யராஜ் ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு போனான்.

அரை மணி நேரத்தில் பெட்டி கம்பத்துக்கு வந்தது. உள்ளே இருந்த கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து, லென்ஸைத் திருகினான். நாலு மூலையும் சதுரமாக, படம் பிசிறில்லாமல் விழுந்தது.

“பாத்தியா, மனசு வெச்சா நேராவுது,” என்றார் மயில்வாகனம்.

ரேவதியும் தனசேகரனும் தலையைக் குனிந்துகொண்டார்கள். திருடர்கள் கையும் களவுமாகப் பிடிபட்டால் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவர் நிம்மதியாக வீட்டுக்குள் போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் நீலாம்பாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள். தலையணையை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கம்பி வழியாக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாங்க, இன்னிக்கு படம் இப்பிடி கோணிக்கினு இருக்குது?”

மயில்வாகனம் அவள் தலையணை அருகே குனிந்து பார்த்தார். தெருவில் அத்தனை நேராக இருந்த படம், இங்கிருந்து ஒரு பக்கம் சூம்பிப்போய்த் தெரிந்தது.

“மூணு வாரமா எனக்கு நேராத்தான் தெரிஞ்சுதுங்க. பெட்டி ஜன்னலாண்ட இருந்தாத்தான் என் கண்ணுக்கு நேரா விழுமாம். நீங்க சொன்னா அந்தப் புள்ள கேக்கும், பழையபடி மாட்டச் சொல்லுங்களேன்.”

“நான் சொன்னாவா?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. பெட்டி மாட்டுறப்பவே ஜன்னல் வழியா சத்யராஜு சொல்லிடுச்சு. ‘அண்ணன் கூச்சப்படுவாரு, கேட்டுடாதீங்கம்மா’ன்னுச்சு, அதான் சும்மா இருந்தேன். தெருவுல இருக்கிறவங்களுக்குக் கோணலானாலும் பரவால்ல, படுத்திருக்கிற எனக்கு நேராத் தெரியணும்னு ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டது நீங்கதானாமே.”