புகை வாசம் இல்லாத சட்டை

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, நம்ம கீட்டோ ஊரில் நடந்த ஒன்றைச் சொல்றேன்.

நர்சிசா பன்னிரண்டு வருஷமாகத் தீயணைப்பு வேலையில் இருக்கிறாள். மூன்று வாரமாக அதிகாரிப் பயிற்சிக்குப் போகிறாள். துவைக்க எடுத்த அவள் சட்டையை முகர்ந்து பார்த்தான் புருஷன் எஃப்ராயின். துளிப் புகை வாசம் இல்லை.

"தீயணைக்கப் போறவ சட்டை சோப்பு மணக்குது. நெஜமா எங்கடி போறே?"

"பயிற்சிக்குத்தான்."

"அப்போ வில்மர் யாரு? குளிக்கும்போது அந்தப் பேரைத்தானே முனகினே?"

நர்சிசா குடித்துக்கொண்டிருந்த சூப்பைத் தள்ளி வைத்தாள்.

"அதிகாரி நெருப்புக்குள்ள போகக் கூடாதுய்யா. வெளிய நின்னு ஆளுங்களை அனுப்பணும், வந்தவங்களை எண்ணணும். நேத்து ஒத்திகையில நாலு பேரை அனுப்பினேன். எண்ணாமலே 'எல்லாரும் வந்தாச்சு'ன்னுட்டேன். அதில ஒருத்தன், வில்மர், உள்ளயே நின்னுட்டிருந்தான். நாளைக்குத் தேர்வு. மறுபடி தப்பு பண்ணினா அவ்வளவுதான்."

எஃப்ராயின் தலைகுனிந்தான். பிறகு வறுத்த சோளத்தில் நாலு மணிகளைக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினான்.

"இவங்கதான் உன் ஆளுங்க. கண்ணை மூடு."

கிண்ணத்தை மேஜையில் கவிழ்த்தான். "திற. எல்லாரும் வந்தாச்சு."

நர்சிசா எண்ணினாள். மூன்றுதான் இருந்தன. இப்போது சந்தேகமாகப் பார்த்தது அவள்.

"வாயைத் திறய்யா. நாலாவது ஆளு உள்ளயேதான் இருக்கான்."

உங்க வீட்டிலிருந்து வெளியே போனவங்க எல்லாரும், ஒருத்தர் குறையாம வந்து சேரட்டும்.